பஸ்ஸுக்கே அழைப்பு

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்லுற கதை இல்ல இது.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். என் மகள் வடிவு மடியில் காய்ச்சலோடு கைக்குழந்தை. அது கண்ணை மூடும்போதெல்லாம் முன்சீட்டு ரைஸ்மில் முதலாளி தாணுமூர்த்தி போனில் முழங்குவார்: "ஞாயித்துக்கிழமை புதுவீடு பால்காய்ச்சு! குடும்பத்தோட வந்துரணும்!" உடனே பிள்ளை வீரிட்டு அழும். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் இதே கூப்பாடு.

கடைசியில் அவரே திரும்பி, "ஏம்மா, பேசுறது கேக்கல. பிள்ளை வாயை அடக்கு, இல்லன்னா இறங்கிரு!" என்றார். வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்டக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

பூக்கூடையோடு படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த பேராச்சி எழுந்து கும்பிட்டாள். "ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. நாங்க எல்லாரும் வந்துருதோம்."

"எங்க?"

"பால்காய்ச்சுக்குத்தான்."

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"நீங்கதான்! பஸ்ஸுக்கே கேக்கும்படி இத்தனை தடவை வாய் நிறையக் கூப்பிட்டீக. வராம இருந்தா மரியாதையா?"

பின்சீட்டுப் பெரியவர், "எங்க வீட்டுல ஏழு பேரு" என்றார். "டிரைவரண்ணனுக்கும் எலை உண்டுல்லா?" என்றது இன்னொரு குரல். பஸ்ஸே சிரித்தது.

அடுத்த அழைப்பை முதலாளி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார். பிள்ளை தூங்கியது. வடிவு பேராச்சியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் புண்ணியவதி எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்.

தன் நிறுத்தம் வந்ததும் பேராச்சி ஒரு முழம் மல்லிகையை முதலாளி கையில் வைத்தாள். அவர் காதுப்பக்கம் குனிந்து, "விசேஷம் நல்லா நடக்கட்டும் அண்ணாச்சி" என்று பிள்ளை முழித்துக்கொள்ளாதபடி மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.