மேலாயி கீழே இழுத்த வரி

விசைகளுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், விசைப்பலகையின் ஓரத்தில் நான்கு அம்புக்குறிகள் குடியிருந்தார்கள். இடத்தான், வலத்தான் இருவரும் அண்ணன்கள். மேலாயி, கீழாயி இருவரும் தங்கைகள். நால்வரும் எடிட்டரம்மா வீட்டில் வேலை பார்த்தார்கள். எழுத்து வேலை நடக்கும் வீடு அது. எடிட்டரம்மா தங்கமானவள். மேலாயியை அழுத்தினால், எழுதும் இடத்தைக் காட்டும் கர்சர் ஒரு வரி மேலே ஏறும், கீழாயியை அழுத்தினால் ஒரு வரி இறங்கும். எழுதியதைத் திருத்த எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம்.

பக்கத்து வீடு ஷெல்லய்யாவுடையது. கறுப்புத் திரை, உம்மென்ற முகம். அங்கே கட்டளையை ஒரு வரியில் அடித்து எண்டரைத் தட்டினால், அவர் உடனே அதை நிறைவேற்றிவிடுவார். நிறைவேற்றிய வரியை யாரும் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அடிக்கிற வரிக்குள்ளேயே நடப்பவர்கள் என்பதால் அண்ணன்கள் இருவரையும் உள்ளே விட்டார். தங்கைகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மேலாயியை அங்கே யாராவது அழுத்தினால், ஒரு கூரைக்குறி, இரண்டு சதுர அடைப்பு, ஒரு ஏ என்று திரையில் கிறுக்கல்தான் விழும்.

"இது என்னய்யா கிறுக்கல்?" என்று கேட்டாள் மேலாயி.

"உன் பேருதான். எனக்கு அப்படித்தான் தெரியுது. மேல போற வழியே இல்லாத வீட்ல உனக்கென்ன வேலை?"

அதோடு விட்டாரா மனுஷர்? அடுத்துச் செய்யப்போகும் விசைப்பலகையில் இந்த இருவரும் இருக்கவே கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டார். எந்தக் கணினியும் அவர் வாசலில்தான் கண்விழிக்கும் என்பதால், அவர் பேச்சை எதிர்த்துப் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை. கீழாயி அழுதாள். மேலாயி அழவில்லை. எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

அந்தக் கணினியைப் பார்த்துக்கொண்டவள் செல்வநாயகி. ஒருநாள் அதன் வட்டு பழுதாகத் தொடங்கியது. அது முழுதாகச் சாவதற்குள் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்தாக வேண்டும். செல்வநாயகி ஷெல்லய்யா வீட்டில் ஒரு நீளமான கட்டளையை அடித்தாள். ஓர் எழுத்து விட்டுப்போனது. "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றார் அவர். மறுபடி முழுவதையும் அடித்தாள். அவசரத்தில் வேறோர் எழுத்து விட்டுப்போனது. மறுபடியும் இல்லை என்றார்.

"ஒத்தை எழுத்துக்காக எல்லாத்தையும் முதல்ல இருந்து அடிக்கணுமா? வட்டு போயிடும் போலிருக்கே!" என்று புலம்பினாள் செல்வநாயகி. மூன்றாவது முறை பாதி அடித்தவள், எடிட்டரம்மா வீட்டுப் பழக்கத்தில் மேலாயியின் மேல் விரலை வைத்தாள்.

மேலாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டாம்க்கா, பிடுங்கிப் போட்டுருவாங்க" என்றாள் கீழாயி.

"எப்படியும் பிடுங்கத்தானே போறாங்க? சும்மா இருந்துட்டுப் போறதுக்கு, செய்யறதைச் செஞ்சுட்டே போறேன்."

"மேல வழி இல்லைன்னு சொன்னேனா இல்லையா?" என்று அதட்டினார் ஷெல்லய்யா.

"நான் மேல போகலை. கர்சர் உம்ம வரியிலேயே நிக்கட்டும். மேல இருக்கிறது கீழ வரும்!"

சொன்னபடியே எட்டிப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். செல்வநாயகி முன்பு அடித்த நீள வரி அப்படியே கீழே இறங்கி, கர்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அடிப்பாவி! முடிஞ்சுபோன வரியை எடுத்துட்டியே!"

"நல்லாப் பாரும். முடிஞ்ச வரி அங்கேயே கிடக்கு, ஒரு எழுத்துகூட அசையலை. இது அதோட நகல். இதைத் திருத்தி உம்மகிட்டயேதான் தரப்போறாங்க. உம்ம சட்டத்தை நான் தொடவே இல்லை."

ஷெல்லய்யா மேலே கிடந்த வரியையும் கீழே வந்ததையும் மாறிமாறிப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை. "அந்தம்மா பாதி அடிச்சு வச்ச வரி எங்கே? அதை விழுங்கிட்டியே!"

இதை மேலாயி யோசிக்கவே இல்லை. அப்போது அதுவரை அழுதுகொண்டிருந்த கீழாயி வாயைத் திறந்தாள்.

"என்கிட்ட இருக்குய்யா. அக்கா இழுத்தப்பவே மடியில வாங்கி வச்சுக்கிட்டேன். என்னை அழுத்தினா அது திரும்பி வரும்."

செல்வநாயகி, இடத்தானைப் பிடித்து, எழுத்து விட்டுப்போன இடத்துக்கு நடந்தாள். எழுத்தைச் சேர்த்தாள், எண்டரைத் தட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஷெல்லய்யா நிறைவேற்றினார். வட்டு நிற்பதற்குள் கோப்புகள் எல்லாம் கரையேறிவிட்டன. செல்வநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த ரெண்டு விசையையும் எவனாவது பிடுங்கட்டும், பார்க்கிறேன்!" என்றாள். உத்தரவு போட்டவர் அன்றைக்கே அதை அழித்துவிட்டார்.

எடிட்டரில் ஒரு வரி மேலே ஏறுகிற அதே விசை, ஷெல்லில் மட்டும் பழைய கட்டளையைக் கீழே இழுத்து வருவது அன்றிலிருந்துதான். ஏற விடாத வீட்டில் மேலாயி இன்றுவரை ஏறியதில்லை. மேலே இருப்பதுதான் அவளிடம் இறங்கி வருகிறது.