ஒன்பது படி மாளிகையின் தரைமட்டம்

முன்னொரு காலத்தில் கொடிஞ்சி நாட்டை விறல்மாறன் என்ற அரசன் ஆண்டான். அவன் ஆட்சியில் நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். வரிசை மாறினால் குற்றவாளி மாறிவிடுவான்.

முதலில், ஊருக்குத் தெற்கே இருந்த ஏரியை உடைத்து வடித்தார்கள். அந்தத் தரையில் கட்டட அதிகாரி வல்லபராயர் மாளிகை கட்டிக்கொண்டார். இரண்டாவது, ஏரி போனதால் அடுத்த மழைக்கே வெள்ளம் ஊருக்குள் வந்தது. அரசன் ஆற்றுக்குப் பட்டுச் சாத்திவிட்டு உறங்கப் போனான். மூன்றாவது, அரண்மனையைச் சுற்றி மட்டும் மதில் எழுப்பினார்கள். அதில் மோதிய வெள்ளம் தெருக்களுக்குள் திரும்பியது. நான்காவது, முறையிடப் போன குயவர்களைப் பகல் முழுவதும் வெயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது, சாதாரண மக்கள் வாசலுக்கு ஒரு படிக்கு மேல் வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. படிகளின் எண்ணிக்கைதான் அந்த நாட்டில் பெருமை. வல்லபராயர் வீட்டுக்கு ஒன்பது படி.

ஆறாவதாக, வெள்ளத்தை வெளியேற்ற ஒரு வடிகால் வெட்ட முடிவாயிற்று. எந்த வீடுகளை இடிப்பது என்று சபை கூடியது.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பிரபு?" என்றார் வல்லபராயர். "தண்ணீர் தாழ்வான இடத்துக்குத்தான் போகும். ஊரிலேயே தாழ்ந்தது குயவர் தெரு. வீட்டுக்கு ஒரு படிதானே இருக்கிறது! நாற்பத்திரண்டு வீட்டையும் இடித்துவிடலாம்."

சபையின் ஓரத்தில் மதகு கட்டும் கொத்துக்காரி பூவாயி நின்றிருந்தாள். அவள் வீடும் குயவர் தெருவில்தான்.

"மகராசா, ஐயா சொல்வது நியாயம்" என்றாள். சபை திகைத்தது. "எந்த வீட்டின் தரை ஊரிலேயே தாழ்ந்ததோ, அதன் வழியாகத்தான் வடிகால் போக வேண்டும். அதையே சட்டமாக எழுதி முத்திரை வையுங்கள். பிறகு வீடு வீடாக அளந்துவிடலாம்."

"அளக்க என்ன இருக்கிறது?" என்றார் வல்லபராயர். "இருந்தாலும் அளக்கட்டும், பிரபு. தாழ்ந்த வீட்டுக்காரன் பெயரைச் சந்தியில் ஐந்து சாட்சிகள் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். படித்தபிறகு முறையீடு கிடையாது. அதையும் எழுதச் சொல்லுங்கள்." குயவர்களின் பெயர் சந்தியில் ஒலிப்பதைக் கேட்கும் ஆசை அவருக்கு.

எழுதினார்கள். முத்திரை வைத்தார்கள்.

"ஒரே ஒரு சிக்கல், மகராசா" என்றாள் பூவாயி. "அளவுகோலைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் பிடித்தால் ஐயா நம்பமாட்டார். ஐயாவின் ஆள் பிடித்தால் தெரு நம்பாது. யாருக்கும் பயப்படாத, யாரும் விலைக்கு வாங்க முடியாத கை வேண்டும்."

அரசன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "நாமே பிடிப்போம்!"

மறுநாள் காலையில் ஊர் அந்த வேடிக்கையைப் பார்த்தது. கிரீடத்தோடு அரசன் மூங்கில் கோலைப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக நின்றான். பூவாயி ஒரு மரத்தொட்டியில் தண்ணீர் நிரப்பித் தெருவில் வைத்தாள். தண்ணீரின் மேல்பரப்பை ஒட்டிக் கண்ணை ஓட்டி, கோலில் எந்தக் கோட்டில் பார்வை படுகிறது என்று சொன்னாள். அரசன் அந்தக் கோட்டைத் தன் விரலால் தொட்டுக் காட்டினான். எழுத்தர் குறித்துக்கொண்டார். ஆற்றுப் படித்துறையின் கடைசிக் கல்தான் எல்லா வீட்டுக்கும் கணக்கின் தொடக்கம்.

குயவர் தெருவில் தரை அந்தக் கல்லுக்கு மேல் பதினாலு முழம் வந்தது. "ஒற்றைப் படி வீடு இவ்வளவு உயரமா?" என்றான் அரசன்.

"தரையைத் தோண்டிப் பாருங்கள், மகராசா. உடைந்த பானை ஓடும் சூளைச் சாம்பலும்தான் இருக்கும். வீடு விழும்போதெல்லாம் அதைத் தெரு முழுக்கக் கொட்டி மேடாக்கித்தான் மறுவீடு கட்டுவோம். எங்கள் முப்பாட்டன்கள் உடைத்த பானையெல்லாம் எங்கள் காலுக்குக் கீழேதான் இருக்கிறது. படி வைக்கத்தான் தடை. தெருவை உயர்த்தத் தடையில்லையே."

பன்னிரண்டாம் நாள், கடைசி வீடாக, வல்லபராயர் மாளிகைக்கு வந்தார்கள். பூவாயி தொட்டியை மேல்படியில் வைக்க, அரசன் ஒன்பது படி ஏறிக் கூடத்தில் கோலை ஊன்றினான். பதினொரு முழம்.

"தொட்டியைச் சாய்த்துவிட்டாள்!" என்று கத்தினார் வல்லபராயர்.

"தண்ணீரைச் சாய்க்கத் தெரிந்தால் வெள்ளத்தையே சாய்த்திருப்பேனே, ஐயா."

"ஒன்பது படி, பிரபு! எண்ணிப் பாருங்கள்!"

"ஏரியின் அடியிலிருந்து ஏறிய ஒன்பது" என்றாள் பூவாயி. "உங்கள் தெருவிலிருந்து நீங்கள் எவ்வளவு ஏறினீர்கள் என்றுதான் படி சொல்லும். தெரு எங்கே கிடக்கிறது என்று சொல்லாது."

அரசன் களைத்துச் சுவரில் கை ஊன்றினான். புதுச் சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே மார்பளவு உயரத்தில் சேற்றுக் கோடு தெரிந்தது.

"வல்லபராயரே, வெள்ளம் இங்கேயும் வந்ததா?"

"அது... வாயிற்காவலன் கதவைச் சாத்த மறந்துவிட்டான், பிரபு. அவனை நீக்கிவிட்டேன்."

"போன வருடம்?"

"அந்தக் காவலனையும் நீக்கிவிட்டேன்."

வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது. நீக்கப்பட்ட இருவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"அளந்தது நம் கை" என்றான் அரசன். "நம் கையைச் சந்தேகிக்கிறீரா?"

அரசன் பூவாயியை மெச்சினான். வீட்டு மட்டங்களின் பட்டியலை இனி அவளே வைத்திருக்க வேண்டும், எந்தத் தெருவுக்கு வெள்ளம் முதலில் வரும் என்று மழைக்கு முன்பே அவள் சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டான். ஒற்றைப் படிச் சட்டத்தையும் கிழித்துப் போட்டான். தான் கோல் பிடித்ததால்தான் உண்மை வெளிவந்தது என்று கடைசிவரை நம்பினான். அரசர்களுக்கு அவ்வளவு விட்டுக்கொடுத்தால்தான் காரியம் நடக்கிறது.

மாலையில் சந்தியில் முரசு அறைந்தார்கள். ஐந்து சாட்சிகளும் குயவர் தெருவிலிருந்து வந்து வரிசையாக நின்றார்கள். எழுத்தர் ஓலையை விரித்தார்.

"படித்துறைக் கல்லிலிருந்து பதினொரு முழம். ஊரிலேயே தாழ்ந்த தரை. வடிகால் இவ்வழி. வீட்டுக்காரர் பெயர்..."

எழுத்தர் தயங்கினார். "உரக்க" என்றாள் பூவாயி.

"கட்டட அதிகாரி, ஒன்பது படி மாளிகை, வல்லபராயர்!"