அரிசிமணியில் முளைத்த காடு

மூங்கிலடிக் காட்டில் அந்த ஆண்டு மூங்கில் பூத்தது.

மூங்கில் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்து, அரிசியை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகும். அந்த அதிசயத்தை அதுவரை பார்த்தவர் காட்டில் ஒருவரும் இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் அரிசி! மானும் முயலும் காடையும் காட்டுக்கோழியும் ஒன்றுசேர்ந்து அதை அள்ளின. ஒரு பெரிய குகையில் மலைபோல் குவித்தன. பக்கத்துப் பாறைப் பொந்தில் காய்ந்த அத்திப்பழங்களை அடுக்கின. இனிக் கோடை வந்தாலும் கவலை இல்லை என்று மகிழ்ந்தன.

காட்டை ஆண்டுவந்தவள் மலையரசி என்ற யானை. அவள் களஞ்சியக் காவலைப் பட்டுவால் என்ற மலை அணிலிடம் ஒப்படைத்தாள்.

பட்டுவால் நாணயமானவன். பிறர் பொருளைத் தொடமாட்டான். ஆனால் களஞ்சியத்தைவிட்டு ஒரு மணி வெளியே போனாலும் அவனுக்கு உயிரே போவதுபோல் இருக்கும்.

பிறகு அடைமழை பிடித்தது. பட்டுவால் அளந்து கொடுத்த குகை அரிசியைத் தின்றே எல்லோரும் மழையைக் கடத்தினார்கள். மழை ஓய்ந்ததும் நோய் வந்தது.

முதலில் காடைகள் சுருண்டு விழுந்தன. அடுத்து முயல்கள் வளைக்குள்ளேயே முடங்கின. ஒரு மான்குட்டி இறந்தேபோனது. காடு நடுங்கியது.

"மலைப்பேய் இறங்கிவிட்டது!" என்றது காட்டுப்பன்றி.

"பேயாவது! சுனைத் தண்ணீரில்தான் விஷம்!" என்றது கிழட்டு மான்.

மலையரசி எல்லோரையும் கூட்டினாள். "ஆளுக்கொன்று சொன்னது போதும். காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க யார் வருகிறீர்கள்?" என்று கேட்டாள்.

கூர்விழி என்ற கீரி முன்னால் வந்தாள். பாம்புகளோடு மல்லுக்கட்டியே வளர்ந்தவள் அவள். எது விஷம், எது மருந்து என்று காட்டில் அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள்.

"நான் தேடுகிறேன், தாயே. ஆனால் தனியாக முடியாது. மைனாக்களின் துணை வேண்டும். அவர்களோ விடிந்தால் இரை தேடிப் போகிறவர்கள். வயிற்றுக்கு அலைகிறவர்கள் விஷத்தைத் தேட முடியுமா? பொதுக் களஞ்சியத்திலிருந்து அவர்களுக்குச் சாப்பாடு கொடுங்கள்!"

பட்டுவாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தாயே! இது ஊர்ச் சொத்து! கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் பரிசு கொடுக்கலாம். தேடுவதற்கே கூலியா?"

"தேடினால்தானே கிடைக்கும்? பொந்தைத் திறந்துவிடு, பட்டுவால்" என்றாள் மலையரசி.

அரசியின் சொல்லை மீற முடியுமா? முணுமுணுத்துக்கொண்டே மைனாக்களுக்கு அத்திப்பழம் எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு பழத்தையும் கண்ணாலேயே வழியனுப்பினான்.

கூர்விழி சுனையிலிருந்து வேலையைத் தொடங்கினாள். மைனாக்கள் அந்தத் தண்ணீரைத்தான் தினமும் குடித்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. "சுனை நல்ல சுனைதான்!" என்று அவள் அறிவித்தாள்.

பட்டுவால் கொதித்துவிட்டான். "இவ்வளவு பழத்தையும் தின்றுவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லவா வந்தாய்?"

"தண்ணீர் காரணம் இல்லை என்று தெரிந்துவிட்டதே! அடுத்த இடத்துக்குப் போகலாம். அண்ணா, குகைக்குள் விடு. அரிசியைப் பார்க்க வேண்டும்."

"அரிசியையா? பழம் போதாதென்று அரிசியும் கேட்கிறதோ? போ, போ!"

அன்றோடு அவன் பழம் கொடுப்பதை நிறுத்தினான். குகை வாசலுக்குக் குறுக்கே முள்ளை இழுத்துப் போட்டான். மற்றவர்களின் பங்கு அரிசியைத் தானே வெளியே எடுத்து வந்து கொடுத்தான். மலையரசி அப்போது ஆற்றங்கரையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது தெரியாது. பசித்த மைனாக்கள் இரை தேடிப் பறந்துவிட்டன. தேடல் நின்றது. நோய் நிற்கவில்லை.

ஒரு காலை, பட்டுவாலின் மனைவி செம்பூ கிளையிலிருந்து எழவில்லை. கண்கள் செருகியிருந்தன. அவள் வாயெல்லாம் நுரை.

பட்டுவால் பதறினான். மனைவிக்கென்று தங்கள் பங்கில், குவியலின் அடியிலிருந்து முதலில் சேர்த்த, முற்றிய அரிசியாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வந்து கொடுத்தவன் அவன். இப்படி ஏன் ஆனது? அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளைக்குக் கிளை தாவி, கூர்விழியின் புதர் முன்னால் போய் விழுந்தான்.

"கீரியம்மா! என் செம்பூவைக் காப்பாற்று! நான் செய்ததையெல்லாம் மறந்துவிடு!"

கூர்விழி அவனைத் திட்டவில்லை. "அவள் கடைசியாக என்ன தின்றாள்?" என்று மட்டும் கேட்டாள்.

"அரிசிதான். குகை அரிசி."

"அதைத்தான் நினைத்தேன். கேள், அண்ணா. மைனாக்கள் எல்லோரும் குடிக்கிற தண்ணீரைத்தான் குடித்தன. எல்லோரும் உறங்குகிற காட்டில்தான் உறங்கின. அவற்றுக்கு மட்டும் நோய் இல்லை. ஏன்? நீ கொடுத்த அத்திப்பழத்தைத் தின்றன, அரிசியைத் தொடவில்லை! ஓடிப்போய் அவள் தின்ற அரிசியில் ஒரு பிடி கொண்டுவா. செம்பூவுக்கு இனிப் பழமும் சுனைத் தண்ணீரும் மட்டும் கொடு."

அவன் பறந்தான். முள்ளைப் பிய்த்து எறிந்தான். அரிசியோடு திரும்பினான்.

கூர்விழி ஒரு மணியைக் கல்லின்மேல் வைத்தாள். இலை நுனியில் பனித்துளி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இலையை மெல்ல வளைத்து, துளியை மணிக்கு நேர் மேலே கொண்டுவந்தாள்.

"துளிக்குள் பார், அண்ணா. சிறியது பெரிதாகத் தெரியும். மூச்சை அடக்கிக்கொள்."

பட்டுவால் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அரிசிமணியின் மேல் ஒரு காடு நின்றது!

கண்ணாடி போன்ற தண்டுகள் நெருக்கி நெருக்கி முளைத்திருந்தன. ஒவ்வொரு தண்டின் தலையிலும் பச்சைப் பொன்னிறத்தில் ஓர் உருண்டை. கீழே வேர்கள் பின்னிப் பின்னி மணிக்குள் இறங்கியிருந்தன. அடக்கிய மூச்சு அவனை அறியாமல் வெளியே வந்தது. அந்தச் சிறு காற்றுக்கு அந்தக் காடு முழுவதும் அசைந்தது. உருண்டைகளிலிருந்து புகைபோல் தூள் கிளம்பிப் பக்கத்து மணியில் போய்ப் படிந்தது.

வாழ்நாளெல்லாம் மரத்துக்கு மரம் தாவியவன் அவன். ஆனால் இப்படி ஒரு காட்டை அவன் கண்டதில்லை. அவன் கைப்பிடிக்குள் எத்தனை காடுகள்! குகைக்குள் எத்தனை! அவன் காவல் இருந்தபோதே, அவன் மூக்குக்குக் கீழேயே, சத்தமில்லாமல் முளைத்திருக்கின்றன!

"இது... இது உயிரோடு இருக்கிறதே!" என்றான்.

"ஆமாம். பூஞ்சணம். மழை ஈரத்தில் பிறந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் விஷம் மணிக்குள் ஊறிவிடும். கழுவினாலும் போகாது."

"இதுதான் காரணம் என்பது நிச்சயமா?"

"இன்னும் இல்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

நோயுற்ற முயல் குடும்பங்களில் சிலவற்றை அரிசியை நிறுத்திப் பழம் தின்னச் சொன்னாள். பட்டுவாலே பழங்களைச் சுமந்து போய்க் கொடுத்தான். நாள்கள் நகர்ந்தன. பழம் தின்ற முயல்கள் எழுந்து உட்கார்ந்தன. அரிசியையே தின்ற மற்றவை எழவில்லை. செம்பூ கண் திறந்து, "பசிக்கிறது" என்றாள். பட்டுவால் அழுதேவிட்டான்.

"இப்போது நிச்சயம்!" என்றாள் கூர்விழி.

பட்டுவால் காடெல்லாம் ஓடினான். "அரிசியைத் தின்னாதீர்கள்! ஈர அரிசி விஷம்!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

யார் நம்பினார்கள்?

"கஞ்சப் பயல், அரிசியைப் பதுக்கப் பார்க்கிறான்!" என்றது காட்டுப்பன்றி.

"கழுவித் தின்றால் சரியாகிவிடும். போடா!" என்றது கிழட்டு மான்.

பட்டுவால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான். "கண்டுபிடித்தும் என்ன பயன், கீரியம்மா? ஒருவரும் கேட்கவில்லையே!"

"கண்டுபிடித்தது பாதி வேலை, அண்ணா. புரியவைப்பது மீதி வேலை. மைனாக்கள் எல்லார் பாஷையும் பேசுவார்கள். ஆனால்..."

அவள் முடிப்பதற்குள் அவன் பொந்தின் கதவுக் கல்லை உருட்டிவிட்டான். "எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்!"

மைனாக்கள் திரும்பி வந்தன. வளைக்கு வளை, புதருக்குப் புதர் போயின. முயலிடம் முயலாகப் பேசின. காடையிடம் காடையாகக் கூவின. எட்டிப் பார்க்க மாட்டேன் என்ற காட்டுப்பன்றியின் முன்னாலும் ஒரு மணியை வைத்து, பனித்துளியைப் பிடித்துக் காட்டின. துளிக்குள் பார்த்த பன்றி நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் தன் பங்கு அரிசியைத் தள்ளிவிட்டது. குட்டிகளுக்கும் குஞ்சுகளுக்கும் கற்றுக்கொடுத்தார்கள்: முதலில் முகர்ந்து பார், பூஞ்சண வாடை அடித்தால் வாயில் வைக்காதே, வெயிலில் உலர்த்தாததைக் குவிக்காதே!

ஒரு நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. மலையரசி பிளிறினாள். காடு முழுவதும் குகைக்குக் கிளம்பியது. பூஞ்சணம் பூத்துப்போன அரிசியை யானைகள் ஆழக் குழி தோண்டிப் புதைத்தன. நல்ல அரிசியை வாயிலும் அலகிலும் முதுகிலும் சுமந்து எல்லோரும் மலைப்பாறைக்கு ஏறினார்கள். மான்கள் குளம்பால் பரப்பின. கோழிகள் காலால் கிளறிவிட்டன. யானைகள் வரிசையாக நின்று காதால் விசிறின.

பட்டுவால் உச்சிக்கிளையில் ஏறிப் பார்த்தான். கரும்பாறை முழுவதும் பொன்னாய் மின்னியது. எங்கோ கீழே, பாறைச் சரிவில், எழுந்து நடமாடத் தொடங்கிய முயல்கள் மணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தன. யாரும் யாரையும் ஏவவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது! தெரிந்துகொண்ட காடு இவ்வளவு அழகா என்று அவன் வியந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

மலையரசி மரத்தடிக்கு வந்தாள். "பட்டுவால், பழப்பொந்து காலியாகிவிட்டது. அரிசியும் பாதியாகிவிட்டது. மனசு வலிக்கிறதா?"

"அரிசி பாதிதான் இருக்கிறது, தாயே" என்றான் பட்டுவால். "ஆனால் தின்பதற்கு நாம் இருக்கிறோமே!"

உணவைக் காக்க நினைப்பவர், அதை ஆராய்கிறவருக்கும் அறிந்ததை ஊரறியச் சொல்கிறவருக்கும் மனமுவந்து பங்கு கொடுக்க வேண்டும்.