கஸ்பாருக்குச் சொல்லாத பதில்

முதலில் தப்புச் செய்தவன் கஸ்பார். இதை இன்னாசி சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

மாதா கோயில் திருவிழாவில் கொடி ஏறும்போது கயிறு அறுந்து, கொடி பாதியில் சரிந்தது. ஊரே கூடி நிற்க, "குடிச்சிட்டு முடிச்சுப் போட்டா இப்படித்தான்" என்றான் கஸ்பார். முடிச்சுப் போட்ட இன்னாசி அன்று நோன்பு. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அறுந்தது கயிறுதான், முடிச்சு அப்படியே இருந்தது. "தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை கஸ்பாரின் வாயிலிருந்து வரவில்லை.

ஆனால் வழியில் கண்டால், எல்லாருக்கும் சொல்வதுபோல இன்னாசிக்கும் கை கூப்பிச் சொல்வான்: "இயேசுவுக்கே புகழ்."

"மரியே வாழ்க" என்று பதில் சொல்வது அந்தக் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த முறை. இன்னாசி சொல்ல மாட்டார். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இந்த இன்னாசிதான் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். படிப்பு குறைவு. ஜெபமெல்லாம் மனப்பாடம்.

"கேக்குறது மன்றாட்டு. வாங்கினதுக்குச் சொல்றது நன்றி. ஒண்ணும் கேக்காம, ஆண்டவர் பெரியவர்னு சும்மா சொல்றோமே, அது புகழ்ச்சி. தெருவில சொல்றோம்ல 'இயேசுவுக்கே புகழ்', அதுதான். எங்க, பக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லுங்க."

டெல்வின் பக்கத்தில் இருந்த ஜெனோவாவுக்குச் சொன்னான். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"பதில் சொல்லு, பிள்ளை."

"மாட்டேன். என் பென்சிலை ஒடிச்சிட்டான்."

"பென்சிலுக்கும் ஜெபத்துக்கும் என்ன?"

"நீங்க மட்டும் கஸ்பார் தாத்தாவுக்குச் சொல்றீங்களா?"

அதன் பிறகு வகுப்பில் சண்டை போட்டுக் காய் விட்டவர்களுக்குப் பதில் இல்லை என்று ஆகிவிட்டது. பாதிப் பிள்ளைகள் கூப்பிய கையோடு நின்றார்கள். மீதிப் பிள்ளைகள் கூரையைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. பூசைக்கு முன் பிள்ளைகள் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் ஊர் முன்னால் தலை குனிய வேண்டுமா? இன்னாசி சோற்றை வைத்துவிட்டு எழுந்தார். கோயில் பங்குச்சாமியிடம் போனார். சாமியாருக்கு இன்னாசியின் மகன் வயதுதான். ஆனாலும் இன்னாசிக்குக் குரு அவரே.

சாமியார் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க, பெரியவரே."

இன்னாசி உட்காரவில்லை. கேட் வரை போனார், திரும்பி வந்தார்.

"பிள்ளைகளைப் பதில் சொல்ல வைக்கிறது எப்படி, சாமி?"

சாமியார் துணியை வைத்துவிட்டுக் கை கூப்பினார். "இயேசுவுக்கே புகழ்."

"மரியே வாழ்க." பழக்கத்தில் வந்துவிட்டது.

"இது நான் சொன்னது இல்ல. கடைத்தெருவில கஸ்பாரைப் பார்த்தேன். உங்களுக்குச் சொல்லச் சொன்னார்."

இன்னாசியின் முகம் கறுத்தது. "ஏமாத்திட்டீங்களே, சாமி. என் பதிலைத் திருப்பிக் குடுங்க."

"என்கிட்ட இல்லையே."

"பின்ன, அவன்கிட்டயா இருக்கு?"

"புகழ் யாருக்குன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

இன்னாசி மறுபடி கேட் வரை போனார். இரும்பைப் பிடித்து உலுக்கினார். திரும்பி வந்தார்.

"அப்ப அவன் சொன்ன பொய் போனது போனதுதானா? அதுக்கு எனக்கு ஒரு வார்த்தை வேண்டாமா?"

"வேணும். அவர் சொல்லித்தான் ஆகணும். நானும் அவர்கிட்டச் சொல்லியாச்சு. இன்னும் மனசு வரல."

"வர்ற வரைக்கும் நான் என்ன செய்ய?"

சாமியார் துணியை எடுத்தார். "கஸ்பார் தர வேண்டியதைக் கஸ்பார்கிட்டக் கேளுங்க. அதுக்கு ஆண்டவரை எதுக்கு அடகு பிடிச்சு வச்சிருக்கீங்க?"



ஞாயிறு காலை கோயில் வாசலில் கஸ்பார் கை கூப்பினான். பிள்ளைகள் கஸ்பாரைப் பார்க்கவில்லை. உபதேசியாரின் வாயையே பார்த்தார்கள்.

"மரியே வாழ்க" என்றார் இன்னாசி, மாதா சுரூபத்தைப் பார்த்தபடி.

பிறகு கஸ்பார் பக்கம் திரும்பினார்.

"நீ எனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி."