முள்ளம்பன்றி சுமந்த இலைகள்

தேக்கங்காட்டில் செய்தி பரப்பியது முள்ளம்பன்றிதான். விலங்குகள் தேக்கிலையில் நகத்தால் கீறி அதன் முள்ளில் குத்திவிடும். அது காடெல்லாம் நடக்கும், மற்றவை படிக்கும். தன் முதுகில் இருப்பதை மட்டும் அதனால் படிக்க முடியாது.

ஒரு நாள் முயல் காதில் ரத்தத்தோடு ஓடிவந்தது.

"முள்ளண்ணே, முயல்கள் குளத்தில் விஷம் கலந்தன, கண்டால் கடியுங்கள் என்று உன் முதுகில் ஓர் இலை இருக்கிறது. ஓநாய் கடித்தே விட்டது."

"ஐயோ, எந்த இலை? பிடுங்கு முதலில்."

முயல் பிடுங்கி எடுத்துக்கொண்டு சிங்கத்திடம் போனது. அந்த இலையை எழுதியது மந்திரி நரி. தீர்ப்புக்கு யோசனை சொன்னதும் அதே நரிதான். அரசவை என்றால் அப்படித்தான்.

"எழுதியவனை எங்கே தேடுவது, மன்னா? முதுகு கண்ணெதிரே இருக்கிறது" என்றது நரி.

"சரி. இனி எந்த இலையில் பொய் இருந்தாலும் முள்ளம்பன்றியின் முட்களைப் பிடுங்குங்கள்" என்றது சிங்கம்.

"நான் காட்டியதும் முள்ளண்ணன் எடுக்கச் சொன்னாரே, மன்னா" என்றது முயல்.

"கடிபட்டவனுக்குச் சட்டம் தெரியாது" என்றது நரி.

முள் போனால் முள்ளம்பன்றி சிறுத்தைக்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அது பயந்துபோய் எல்லா இலைகளையும் உதறியது. புல் முளைத்த இடத்தை மான் சொன்ன இலை போனது. சிங்கத்தின் குறட்டையைக் குரங்கு கேலி செய்த இலையும் போனது. அதில் சிங்கத்துக்கு ரொம்ப மகிழ்ச்சி.

மறுநாள் எலி ஓர் இலையோடு வந்தது.

"ஓடைப் பாதையில் வேடன் குழி வெட்டியிருக்கிறான். இதைக் குத்திக்கொள்."

"நிஜமா?"

"கண்ணால் பார்த்தேன்."

"நான் பார்க்கவில்லையே, தம்பி. வேறு முதுகு பார்."

மாலையில் தண்ணீர் குடிக்கப் போன சிங்கம் குழியில் விழுந்தது. யானை ஒரு மரத்தைச் சாய்த்துச் சிங்கத்தை மேலே ஏற்றியது.

"ஒருவர்கூடச் சொல்லவில்லையே!" என்று சிங்கம் மண்ணைத் துப்பியபடி உறுமியது.

"எழுதிக்கொண்டு வந்தேன். முள்ளண்ணன் வாங்கவில்லை" என்றது எலி.

"எப்படி வாங்குவேன்? ஒவ்வொரு குழியையும் போய்ப் பார்த்துவிட்டா நடக்க முடியும்?" என்றது முள்ளம்பன்றி.

"முயல் கொண்டுவந்த இலையை நீங்கள் ஒருமுறையாவது பார்த்தீர்களா, மன்னா?" என்று யானை கேட்டது.

சிங்கம் அப்போதுதான் முயலிடம் அதை வாங்கிப் பார்த்தது. நரி எழுதும் தன் ஆணைகளில் தினமும் பார்க்கும் அதே கீறல்! திரும்பினால் நரியைக் காணோம். தூரத்தில் புழுதிதான் தெரிந்தது.

"முள்ளா, நீ சும. தவறான இலை என்று காட்டிய பிறகும் நீ வைத்திருந்தால்தான் அது உன் குற்றம்" என்றது சிங்கம்.

எழுதியவனைத் தேடச் சோம்பி, சுமந்தவனைத் தண்டித்தால், பொய்யோடு சேர்ந்து நம்மைக் காக்கும் உண்மையும் நம்மிடம் வராமல் போகும்.