பல்லக்கைப் பார்த்து ஆட்டிய கட்டைவிரல்

வெகு காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் மழை, நினைத்தால் வெயில் என்கிற குணம். ஒரு நாள் அரசி அவனோடு சண்டை போட்டுக்கொண்டு மலைநாட்டிலிருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். போய் அழைத்து வரலாம் அல்லவா? ராஜ கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, அரசி திரும்பும்வரை அரண்மனை ஊழியர் எவரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டான். எனக்கில்லாத சுகம் சமையல்காரனுக்கு எதற்கு என்பது அவன் நியாயம்.

அந்த நியாயத்தில் மாட்டிக்கொண்டவர்களில் சடையனும் ஒருவன். ராஜாவின் பல்லக்கில் முன்தண்டு தூக்குபவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. அதற்குள் எட்டு மாதமாகப் பெண்டாட்டி பேச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. வீடு கோட்டைக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில். அதுதான் கொடுமை. தூரதேசமாக இருந்தால் மனசை ஆற்றிக்கொள்ளலாம். தன் தெரு நாய் குரைப்பது காதில் விழுகிற இடத்தில் படுத்துக்கொண்டு ஒரு மனுஷன் எதை ஆற்றிக்கொள்வான்? ஏங்கி ஏங்கியே பாதியாகிவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை ராஜா கோயிலுக்குக் கிளம்பினான். பல்லக்கு சடையனின் தெரு வழியாகவே போயிற்று. கூட்டத்தில் பேச்சி நின்றாள். இளைத்திருந்தாள். அவனால் கையசைக்க முடியாது. கை தண்டில் இருக்கிறது. அவள்தான் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, கட்டைவிரலை நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பெப்பே காட்டினாள். சடையனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து கால் தடுமாறிற்று. பல்லக்கு ஒரு குலுக்குக் குலுங்கியது. ராஜா திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். நேரே அந்தக் கட்டைவிரல் தெரிந்தது.

பேச்சியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். ராஜாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்து எல்லாரும் மிரண்டார்கள். இந்தச் சைகை எப்படி உண்டாயிற்று என்று ஆஸ்தான வித்துவான் கனகசபாபதியைக் கேட்டான். வித்துவானுக்குத் தெரியாதது கிடையாது. தெரியாவிட்டால் அங்கேயே உண்டாக்கிவிடுவார். மந்திரி நல்லாண்டார்மேல் அவருக்குத் தீராத பொறாமை. அந்தத் தெரு ஜனங்களுக்கு மந்திரி எப்போதும் பரிந்து பேசுவார் என்பதால், கதையை அந்தப் பக்கமே திருப்பிவிட்டார்.

ராஜாவின் பாட்டனார் ஒரு போரில் எதிரி வில்லாளிகளைப் பிடித்து, இனிமேல் அம்பு தொடுக்க முடியாதபடி கட்டைவிரலை வெட்டி அனுப்பினாராம். தப்பித்து ஓடிய சிலர் குன்றின்மேல் நின்று, எங்கள் விரல் பத்திரமாக இருக்கிறது பார் என்று ஆட்டிக் காட்டினார்களாம். அவர்கள் வம்சம்தான் அந்தத் தெருவாம்.

"ஆகவே பிரபு, பாட்டனார் விட்டுவைத்ததைப் பேரன் முடித்துவைக்க வேண்டும்" என்றார் வித்துவான்.

விரலை வெட்டு என்றான் ராஜா. பேச்சி நாற்று நடுகிறவள். கட்டைவிரல் போனால் பிழைப்பே போயிற்று. யாரைப் பார்த்து ஆட்டினாய் என்று கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஓரத்தில் நின்ற சடையனுக்கு ஏன் என்று புரிந்தது. ராஜ பல்லக்கைத் தடுமாற விட்டவனுக்கு அந்த நாட்டில் நாடுகடத்தல் தண்டனை. விரல் போனாலும் புருஷன் என்றைக்காவது வீடு வந்து சேருவான். நாடு கடத்திவிட்டால் வரவே மாட்டான். அவளுடைய யோசனை அது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சடையன் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் மந்திரி எழுந்துவிட்டார்.

மந்திரி அன்று பல்லக்குக்குப் பக்கவாட்டில் குதிரையில் வந்தவர். யார் கால் எப்போது தடுமாறியது என்று பார்த்தவர். வித்துவானின் புலமையை வாயாரப் புகழ்ந்துவிட்டு, தண்டனைக்கு முன் ஒரே ஒரு சோதனை வேண்டும் என்றார். அதே பல்லக்கை அதே ஆட்கள் தூக்கட்டும். உள்ளே வித்துவான் உட்காரட்டும். மகாராஜா வெளியே நின்று பார்க்கட்டும். ராஜ பல்லக்கில் உட்கார வித்துவானுக்குக் கசக்குமா? தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஏறிவிட்டார்.

முற்றத்தில் பல்லக்கு நகர்ந்தது. பேச்சி தயங்கித் தயங்கிக் கையை எடுத்தாள். கட்டைவிரல் ஆடியது.

"பார்த்தீர்களா பிரபு, என்னையும் அவமதிக்கிறாள்" என்று உள்ளேயிருந்து வித்துவான் கூவினார்.

ராஜா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லக்குக்குள் இருப்பவனுக்கு முன்னால் தூக்குகிறவனின் முதுகுதான் தெரியும். வெளியே நின்றதால், அத்தனை வருஷத்தில் முதன்முறையாகச் சடையனின் முகத்தை ராஜா பார்த்தான். உதட்டில் சிரிப்பு; கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்; துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

"இவன் உனக்கு யார்?" என்று ராஜா கேட்டான்.

"வீட்டுக்காரரு, மவராசா."

"அந்த விரலுக்கு என்ன அர்த்தம்?"

"நேரங்கழிச்சு வந்தா, இன்னிக்கு உமக்குச் சோறு கெடையாதுன்னு காட்டுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சாமி, எடுத்து வச்சிருக்கதப் போடுவேன்."

ராஜா அவள் அருகே வந்தான். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான். அரசி போகும்போது வாசற்படியில் திரும்பி நின்று இதே விரலைத்தான் ஆட்டிவிட்டுப் போனாளாம். இனி நீ வேண்டாம் என்கிறாள் என்று அவன் எண்ணிக்கொண்டானாம். எட்டு மாதமாக அந்த விரல்தான் கண்ணுக்குள் நிற்கிறதாம்.

"அதற்கு வேறு அர்த்தம் இருக்குமா, அம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும், மவராசா? காட்டுனவங்களத்தான் போய்க் கேக்கணும்."

அந்த நிமிஷமே ஊழியர்கள் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னான் ராஜா. மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டான். பல்லக்கை மலைநாட்டுப் பாதைக்குத் திருப்பச் சொன்னான். சடையன் பழக்கத்தில் தோள் கொடுக்கக் குனிந்தான்.

"நீ போ. முன்தண்டை வித்துவான் பிடிப்பார்" என்றான் ராஜா. பிறகு வித்துவானிடம், "வழியில் கதை வேண்டாம், மூச்சு வாங்கும்" என்றான்.

சடையனும் பேச்சியும் கோட்டை வாசலை நோக்கி நடந்தார்கள். தாண்டியதும் தண்டு அழுத்திக் காய்த்துப்போன அவன் தோளில் அவள் கை வைத்தாள்.

"ரொம்ப வலிச்சுதா?"

"இல்ல," என்றான். "இப்பத்தான் வலிக்குது."