குவியலுக்குள் ஏறிய சூடு

அந்தக் காலத்தில், குரங்கும் அணிலும் மனுசரோடு வாயாடித் திரிந்தபோது, ஆனைமலை அடிவாரத்தில் ஒரு சிற்றூர் தென்னை நிழலில் கோகோ வளர்த்துப் பிழைத்தது. வீட்டுக்கு நாலு மரம், மிஞ்சிப்போனால் ஐந்து. கோகோ விதைக்கு அப்போது மணமே கிடையாது, வெறும் கசப்புதான். அந்தக் கசப்பை மருந்து என்று சொல்லி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றுக் கொழுத்துக் கிடந்தது ஒரு கருமந்தி.

பாவாத்தாளுக்கு நாலு மரமும் இரண்டு பெண் பிள்ளைகளும். ஒவ்வொரு பறிப்பு முடிந்ததும் மந்தி அவள் வாசலில் வந்து நிற்கும். ஒரு விதையை எடுத்துக் கடித்து, முகத்தைச் சுளித்து, அவள் கால்மாட்டிலேயே துப்பும்.

"என்ன அம்மிணி, வருசா வருசம் இதே சொத்தையைக் காட்டுற? எதிர்த்தாப்புல சென்னியப்பன் விதையப் பாரு. அது விதை!"

"நானும் அதே தண்ணிதானுங்க பாய்ச்சறேன்."

"அப்ப உன் கைதான் சரியில்லை."

ஒரு கூடை விதைக்கு இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டுவிட்டுப் போய்விடும். உப்பு! வாய்க்காலிலிருந்து ஆறு மாதம் இடுப்பொடியத் தண்ணீர் சுமந்தவளுக்கு இரண்டு கை உப்பு. கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது. பாவாத்தாளுக்கு எரியவில்லை, அதுதான் கொடுமை. அவள் வெட்கப்பட்டாள். தன் கை ராசியில்லாத கை என்றே நம்பினாள். சென்னியப்பன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அந்த வருசம் வீட்டில் உப்பு இருந்தது, போட்டுக் குடிக்கக் கஞ்சிதான் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுவது என்று முடிவு கட்டினாள். கடைசிக் காய்களை உடைத்து விதையைக் கூடையில் போட்டுவிட்டு, மரங்களை வெட்ட அருவாளை எடுத்தாள். சொத்தையாகக் காய்க்கும் மரம் அடுத்தவருக்கு மட்டும் எதற்கு?

"ஐயையோ, வெட்டாதே!" என்று மேலே இருந்து கத்தியது ஒரு மலையணில். அதற்குக் கோகோப் பழச்சதை என்றால் உயிர். "முந்தாநாள் சென்னியப்பன் வாசல்ல அந்த மந்தி என்ன சொல்லுச்சு தெரியுமா? 'பாவாத்தா விதையப் பாரு, அது விதை'ன்னுச்சு. அந்த ஆளும் தலையத் தொங்கப்போட்டுட்டு உப்பை வாங்கிக்கிட்டாரு. இருபது வீட்டு வாசல்லயும் இதே பேச்சுத்தான்."

"இத்தனை வருசமா ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே. எனக்குப் பழம் கிடைச்சுது, பேசாம இருந்துட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு எரிந்தது. அடிவயிற்றில் பிடித்து உச்சந்தலை வரை எரிந்தது. அருவாளை வீசிவிட்டு, ஈரம் சொட்டும் விதைக் கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே சென்னியப்பன் வாசலுக்குப் போனாள். அங்கே வாழையிலையில் அவர் அன்று உடைத்துப் போட்ட விதை கிடந்தது. அதன்மேல் தன் கூடையை அப்படியே கவிழ்த்தாள்.

"ஏனம்மிணி, பைத்தியமா புடிச்சிருக்குது?" என்று பதறிக்கொண்டு வந்தார் சென்னியப்பன்.

"பிரிச்சுக் காட்டுங்கண்ணா! இதுல எது என் சொத்தை, எது உங்க நல்ல விதை?"

அவர் குனிந்து ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். மாறி மாறிப் பார்த்தார், இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. "எங்கிட்ட உன்னுதுதான் நல்லதுன்னு சொன்னானே, அந்தத் திருட்டுப்பய!" என்று இரண்டையும் குவியலிலேயே விட்டெறிந்தார்.

விசயம் பரவியது. இருபது வீட்டு விதையும் அந்த வாசலுக்கு வந்து இடுப்புயரம் குவிந்தது. மழை தூறவே வாழையிலையால் மூடினார்கள். தினம் ஆளுக்கு ஒருமுறை இலையை விலக்கிக் கம்பால் புரட்டுவார்கள், மந்தியை வாய் வலிக்கத் திட்டுவார்கள், திரும்ப மூடுவார்கள். ஊரார் வயிற்றெரிச்சல் மொத்தமும் அந்தக் குவியலுக்குள் இறங்கியது. மூன்றாம் நாள் இலை இடுக்கில் ஆவி பறந்தது. ஆறாம் நாள், அதுவரை யாரும் அறியாத ஒரு மணம் காடுவரை போனது.

மணத்தை மோப்பம் பிடித்து மந்தி ஓடிவந்தது. "யாரு விதை இது?"

"எங்களுது" என்றாள் பாவாத்தாள்.

"எங்களுதுன்னா? உன்னுது சொத்தையாச்சே, அதை முதல்ல தனியா எடு."

"நீயே தேடி எடுத்துக்க."

மந்தி முழங்கை வரை கையை விட்டது. அடுத்த நொடி அது போட்ட அலறலில் தென்னை மரத்துக் காக்கை எல்லாம் பறந்தன. கட்டைவிரல் வெந்து சுருங்கிப்போயிற்று. கருமந்திக்கு இன்றைக்கும் கட்டைவிரல் குட்டைதான், சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள்.

"சரி, எத்தனை கை உப்பு வேணும்?" என்று விரலை ஊதிக்கொண்டே முனகியது.

"உப்பு எங்ககிட்ட நிறையவே இருக்குது. இனி வாசல் வாசலாப் போகாதே, குவியல்கிட்ட வா. என்ன குடுக்கணும்னு நாங்க எல்லாருமாச் சொல்றோம்."

அன்று முதல்தான் கோகோ விதை, ஒருத்தர் வீட்டு ஒரு கை விதையாகத் தனியே கிடந்தால் பூசணம் பூத்துக் கெடுகிறது; ஊர் விதையெல்லாம் ஒன்றாகக் குவிந்தால் மட்டுமே, அடுப்பில்லாமல் நெருப்பில்லாமல் உள்ளுக்குள் கொதித்து மணக்கிறது.